மலையில் இருந்து இறங்கிக் கொடுவா பிடிக்கப் போகிறவர்களுக்கு: முதல் லூர் ராட் வாங்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருந்துகொண்டு, லூர் என்கிற போலி இரையை ராட் என்கிற தூண்டில் கம்பால் எறிந்து கொடுவா மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த கம்பெனி ராட் வாங்கலாம்?" எங்கே நின்று, எத்தனை கிராம் லூரை எறியப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் ராட் வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் போட்டாலும் வீண்தான்.

நமக்குக் கிட்டத்துக் கடல் கோழிக்கோடு. கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாக இறங்கினால் சாலியாறு கடலில் சேர்கிற பேப்பூருக்குப் போய்விடலாம். கூடலூரில் பெய்கிற மழையில் ஒரு பங்கு பாண்டியாறு வழியாக இதே சாலியாற்றுக்குத்தான் போகிறது, அந்த வகையில் அது நம் ஆறும்தான். ஆனால் ஊட்டியில் இருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். ராட் சரியில்லை என்று அங்கே போய்த் தெரிந்துகொண்டால் ஒரு நாளும் பஸ் காசும் போச்சு. மாற்றிக்கொண்டு வரக் கடையும் பக்கத்தில் கிடையாது. நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன், இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எங்கே நிற்கப் போகிறீர்கள்?

கொடுவா நடுத்தண்ணீரில் சுற்றித் திரிந்து வேட்டையாடுகிற மீன் இல்லை. பாலத்தூண், கல்முட்டு, கண்டல் வேர், படகுத்துறைக் கால் மாதிரி ஏதாவது ஒன்றை ஒட்டி நீரோட்டத்துக்கு மறைவாக நின்றுகொண்டு, எதிரே அடித்து வருகிற சிறு மீனை வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கும். அதனால் பெரும்பாலும் நூறு மீட்டர் எறிய வேண்டிய அவசியமே வராது. இருபது முப்பது மீட்டரில் தூணுக்குப் பக்கத்தில் சரியாக விழுந்தால் போதும்.

ஆற்றோரக் கரை, படகுத்துறை, பாலத்தடி என்றால் 7 அடியில் இருந்து 7 அடி 6 அங்குலம் வரை. படகில் உட்கார்ந்து எறிவதற்கு 6 அடி 6 அங்குலம் போதும், அதற்கு மேல் நீளம் இருந்தால் மீனைப் படகோரம் கொண்டுவரும்போது தொந்தரவு. பேப்பூர் புலிமுட்டு மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல்முட்டில் நின்றால் 8 அடி 6 அங்குலம் அல்லது 9 அடி வேண்டும், ஏனென்றால் காலடியில் கிடக்கிற கற்களைத் தாண்டி நரம்பை, அதாவது தூண்டில் நூலை, தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் தடவையே புலிமுட்டுக்குப் போகாதீர்கள். பாசி பிடித்த கல்லும் அலையும் நமக்குப் பழக்கமில்லாதவை.

ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும் என்றால் 7 அடி 6 அங்குலம். கரைக்கும் படகுக்கும் சமாளிக்கலாம்.

கடலுண்டி முகத்துவாரம் அழகாக இருக்கிறது என்று அங்கே போய் எறிய ஆரம்பித்துவிடாதீர்கள். அது சமுதாயக் காப்பகம், பறவைகள் வருகிற இடம். எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்று உள்ளூரில் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும்.

2. லூரின் எடையைக் கூட்டிப் பாருங்கள்

எல்லாம் இதைப் பொறுத்துத்தான். இதில் தவறினால் மற்ற எதுவும் சரியாக வராது.

ஒவ்வொரு ராட்டிலும் அது எறியக்கூடிய எடை எழுதியிருக்கும், 10–30 கிராம், 5–21 கிராம் என்று. கொடுவாவுக்கு நாம் அதிகம் எறிவது இரண்டு வகை. ஒன்று, 9 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டை மீன், அதாவது மின்னோ. இதன் எடை பெரும்பாலும் 12 முதல் 20 கிராமுக்குள் இருக்கும், அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இன்னொன்று ரப்பர் மீன். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஜிக் ஹெட் (ரப்பர் மீனை மாட்டுகிற, முள்ளோடு சேர்ந்த ஈயத் தலை) 15 கிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 15 கிராம் லூர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதில் மாட்டுகிற நாலு அங்குல ரப்பரே எட்டுப் பத்து கிராம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் 25 கிராம். 5–21 கிராம் ராட்டில் இதை வேகமாக வீசினால் ராட் உடனே முறியாமல் இருக்கலாம், ஆனால் எறிகிற தூரமும் வராது, குறியும் வராது, என்றாவது ஒரு நாள் மேல் துண்டு கையோடு வந்துவிடும்.

அதனால் ராட் பார்ப்பதற்கு முன்பே நாலைந்து லூரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைத் தராசெல்லாம் வேண்டாம், சமையலுக்கு விற்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். அதிகம் எறியப் போகிற லூரின் எடை, ராட்டில் எழுதியிருக்கிற எல்லைக்கு நடுவிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ விழ வேண்டும். பேப்பூர் பக்கத்துக் கரைக்கு 10–30 அல்லது 10–35 கிராம் என்று எழுதிய ராட் பொருத்தமாக இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் டிரவுட் ராட் வைத்திருக்கிறவர்கள் "இதுவே போதாதா" என்பார்கள். போதாது. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து டிரவுட்டுக்கென்று வாங்குகிற ராட் 2 முதல் 7 கிராம் வரை எறிகிற மெல்லிய சாமான். அதில் கொடுவா மாட்டினால் நேராகத் தூணுக்குள் ஓடிவிடும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கெண்டைக்கு வைத்திருக்கிற இழுத்து நீட்டுகிற டெலஸ்கோப் ராட்டும் வேண்டாம். ஓர் இரவில் நூறு இருநூறு தடவை எறிகிற வேலைக்கு அந்த மூட்டுகள் தாங்காது, உப்பும் மணலும் புகுந்தால் மடங்கவும் மடங்காது.

3. ராட்டின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் எல்லாம் இருக்கும். "எஸ் 702 எம்ஹெச்" என்று இருந்தால் எஸ் என்பது ஸ்பின்னிங் (ரீல் ராட்டுக்குக் கீழே தொங்கும் வகை), 70 என்பது 7 அடி 0 அங்குலம், 2 என்பது இரண்டு துண்டு, எம்ஹெச் என்பது மீடியம் ஹெவி. முதலெழுத்து சி என்றால் பெய்ட்காஸ்டிங் (ரீல் ராட்டுக்கு மேலே உட்காரும் வகை). கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் இந்த அமைப்பு பழகிவிட்டால் விற்பனைக்காரர் சொல்வதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அதே இடத்தில் நரம்பின் அளவும் இருக்கும். 10–20 பவுண்டு, அல்லது பிஇ (பின்னிய நரம்பின் பருமன் எண்) 1–2 என்று போட்டிருந்தால் நமக்குச் சரி. சில ராட்டில் தங்கூஸ் (நைலான்) நரம்புக்கான பவுண்டு கணக்கை மட்டும் போட்டிருப்பார்கள். பிரெய்ட் என்கிற பின்னிய நரம்பு மெல்லியது, அதே பருமனில் பல மடங்கு தாங்கும் என்பதால் இந்த எண்ணை அப்படியே பிரெய்ட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

"98 சதவீதம் கார்பன்", "30 டன்" என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டன் எண் கூடக் கூட ராட் எடை குறையும், விறைப்பு கூடும், கல்லில் பட்டால் சட்டென்று முறிகிற குணமும் கூடும். புதிதாகப் பழகுகிறவர் நிச்சயம் நாலு இடத்தில் இடிப்பார். 24 டன் பக்கம் இருக்கிற சாதாரண கார்பனோ, கொஞ்சம் கண்ணாடி நாரும் கலந்ததோ வாங்கினால் நிம்மதி.

4. பவர் வேறு, ஆக்‌ஷன் வேறு

பவர் என்பது ராட் எவ்வளவு பலமாக இழுக்கும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் இருந்து வளையும் என்பது. கடையில் இரண்டையும் குழப்பி "இது நல்ல ஹார்டு சார்" என்பார்கள், அதில் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பவரில் திறந்த கரைக்கு மீடியம் போதும். பாலத்தூண், கண்டல் வேர் பக்கம் என்றால் மீடியம் ஹெவி, ஏனென்றால் மாட்டிய முதல் சில நொடியிலேயே மீனைத் தூணில் இருந்து இழுத்துத் திருப்ப வேண்டும்.

ஆக்‌ஷன் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். கொடுவா மாட்டியதும் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். பிரெய்ட் நரம்பு துளியும் நீளாது. ராட்டும் கட்டைபோல் விறைப்பாக இருந்தால் அந்த உதறலில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மூன்று முள் கொத்தாக இருக்கிற மின்னோ எறிகிறவர்களுக்கு மாடரேட் ஃபாஸ்ட் நல்லது, நடுவரைக்கும் வளைந்து உதறலைத் தாங்கிக்கொள்ளும். ஒற்றை முள் ரப்பர் மீன் என்றால் ஃபாஸ்ட், மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும், முள்ளை அழுத்திப் பதிக்க அந்த விறைப்பு வேண்டும். இரண்டுமே எறிவேன் என்றால் ஃபாஸ்ட் வாங்கி, மின்னோ எறியும்போது ரீலின் டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விடுகிற பிடியை) கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வேண்டவே வேண்டாம்.

5. ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா

ஸ்பின்னிங். பெய்ட்காஸ்டரை இருட்டில், காற்றில், முதல் தடவை எறிந்தால் நரம்பு பறவைக்கூடாகச் சிக்கி, சிக்கெடுப்பதிலேயே கடல் ஏற்றம் முடிந்து வற்றம் வந்துவிடும். பிறகு பார்க்கலாம்.

6. காசுக் கணக்கு

ராட்டுக்கு மட்டும் காசு ஒதுக்கிவிட்டு மற்றதற்குக் கையைப் பிசைகிறவர்கள் உண்டு. மொத்தமாகக் கணக்குப் போடுங்கள். விலை கடைக்குக் கடை மாறும், இது சுமாரான கணக்கு.

ராட் 3,000 முதல் 4,500 ரூபாய். 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் 3,000 முதல் 4,000. பிரெய்ட் 150 மீட்டர், 20 பவுண்டு, 800 முதல் 1,500. லீடர் (பிரெய்ட்டின் நுனியில் கட்டுகிற தடித்த நரம்பு) 30 அல்லது 40 பவுண்டு, 500. லூர் நாலைந்து சேர்ந்து 2,000. முள் எடுக்கும் குறடும் மீன் வாயைப் பிடிக்கும் கிரிப்பும் 600. ஆக 10,000 முதல் 13,000 ரூபாய் வரை வரும். 8,000தான் இருக்கிறது என்றால் லூரைக் குறையுங்கள், ராட்டிலும் கொஞ்சம் குறைக்கலாம். ரீலில் குறைக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் முதலில் போவது மட்டமான ரீல்தான்.

லீடரையும் கிரிப்பையும் ஆடம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி இருக்கும், மெல்லிய நரம்பையும் அறுக்கும், உங்கள் விரலையும் அறுக்கும். வாயின் உள்பக்கம் உப்புத்தாள்போல் சொரசொரப்பு.

ஷிமானோ, டைவா, ஆபு கார்சியா, ஒகுமா, லுக்கானா என்று இந்த விலையில் நிறைய இருக்கின்றன. எடையும் ஆக்‌ஷனும் பொருந்தினால் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். இதற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும்.

7. கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

முடிந்தால் கோயம்புத்தூருக்கோ கோழிக்கோட்டுக்கோ ஒரு வார நாளில் போய் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாரும் பொறுமையாகக் காட்ட மாட்டார்கள். கோழிக்கோட்டில் கொடுவா என்று சொன்னால் விழிப்பார்கள், காளாஞ்சி என்று கேளுங்கள், தெற்கே போனால் நரிமீன். "சேட்டா, காளாஞ்சிக்கு, 20 கிராம் லூர் எறியணும்" என்று எடையோடு சேர்த்துச் சொன்னால் அவர் எடுத்துக் காட்டுகிற ராட்டே வேறாக இருக்கும்.

பார்க்க வேண்டியவை: இரண்டு துண்டையும் மாட்டி ஆட்டினால் மூட்டில் டக் டக் என்ற சத்தம் வரக் கூடாது. சில ராட்டில் மாட்டிய பிறகும் மூட்டில் ஓர் இடைவெளி மீதி இருக்கும். அது குறை இல்லை, தேயத் தேய இறங்குவதற்காக விட்டது. கீழிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். வளையத்துக்குள் பீங்கான் உள்வளையம் இருக்கிறதா பாருங்கள், வெறும் கம்பி வளையத்தை பிரெய்ட் நாளடைவில் அறுத்துக் கோடு போட்டுவிடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள், விரிசல் இருந்தால் பஞ்சு மாட்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இதில் அகப்பட்டுவிடும்.

இன்னொன்று, அதிகம் பேர் செய்யாதது. பிரெய்ட்டையும் 40 பவுண்டு லீடரையும் வீட்டிலேயே முடிச்சுப் போட்டு ஒரு முழம் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் அந்த முடிச்சை நுனி வளையத்துக்குள் இழுத்துப் பாருங்கள். மெல்லிய ராட்களில் நுனி வளையம் குறுகலாக இருந்து முடிச்சு இடிக்கும், எறிகிற ஒவ்வொரு தடவையும் அங்கே உரசி ஒரு நாள் லூர் மட்டும் தனியாகப் பறக்கும்.

உங்கள் ரீலையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ரீலின் காலுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் ராட் ஓரளவு சமமாக நிற்க வேண்டும், முன்பக்கம் ரொம்பச் சாய்ந்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

வளைத்துப் பார்க்கிறேன் என்று நுனியைத் தரையிலோ கூரையிலோ அழுத்தாதீர்கள், கடைக்காரர் அப்படிச் செய்து காட்டினால் அந்த ராட்டை வாங்காதீர்கள். நரம்பை வளையங்களில் கோத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் ராட்டை 45 டிகிரிக்கு மேல் தூக்காமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

8. ஆன்லைனில் வாங்கினால்

நீளமான பார்சலை மலைக்குக் கொண்டுவர எல்லா கூரியரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே துண்டு ராட் ஆர்டர் போடவே வேண்டாம். காசு கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் உங்கள் பின்கோடைச் சொல்லி, வீடு வரைக்கும் வருமா, கூரியர் அலுவலகத்தில் போய் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அட்டைப்பெட்டியில் வேண்டாம், பிவிசி குழாயில் போட்டு அனுப்புங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், நூறு இருநூறு கூடக் கேட்டாலும் கொடுங்கள். எனக்கு அட்டையில் வந்த ஒன்று நுனி முறிந்து வந்தது, பிரிக்கிற வீடியோ இல்லை என்று சொல்லி மாற்றித் தரவில்லை.

ஆகவே பார்சலை வாங்கியதில் இருந்து பிரித்து முடிக்கும் வரை வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டு, நாலு பக்கம், கடைசியில் ராட்டின் நுனி எல்லாம் தெரிகிற மாதிரி.

பில்லில் "ஃபிஷிங் ராட் 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாடல் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டை இருந்தால் அங்கேயே கடை முத்திரை போட்டு வாங்குங்கள், இரண்டையும் உடனே போட்டோ எடுத்து வையுங்கள், பில் மை நாளாக ஆக மங்கிவிடும். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும். கார் கதவில் நசுங்கியது, கல்லில் அடித்தது எதற்கும் கிடைக்காது.

9. கீழே கொண்டுபோவது

ஹார்டுவேர் கடையில் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் இரண்டு மூடியும் வாங்குங்கள். 7 அடி 6 அங்குல ராட் இரண்டு துண்டாக மடித்தால் கிட்டத்தட்ட 4 அடி வரும், அதனால் குழாயை நாலேகால் அடியாக வெட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் தலைக்கு மேல் தட்டில் கிடந்துவிடும். பைக்கில் போகிறவர்கள் நாலு துண்டு ராட் வாங்கலாம், இரண்டரை அடிக்குள் அடங்கும், விலை கொஞ்சம் கூட.

ராட் பெரும்பாலும் முறிவது மீன் இழுத்து இல்லை. கார் கதவிலும் சீலிங் ஃபேனிலும்தான். நம் வீடுகளில் ஃபேன் கிடையாது, அதனால் நமக்கு அந்த நினைப்பே வராது. கோழிக்கோட்டு லாட்ஜ் அறையில் நுழைந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு ராட்டை மாட்டுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மாட்டிய ராட்டைத் தோளில் செங்குத்தாக வைத்துக்கொண்டு மின்கம்பிக்கு அடியில் நடக்கக் கூடாது, ரயில் பாலத்துப் பக்கம் போகவே கூடாது, அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. இடி கேட்டால் ராட்டைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள்.

ஆதாரின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். துறைமுகப் பக்கம் இரவில் நிற்கிற வெளியூர் ஆளை போலீஸ் விசாரிப்பது சகஜம். சொந்த வண்டி என்றால் இன்சூரன்ஸ், புகைச் சான்று.

10. எப்போது வாங்குவது, எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடும், லூரை மீன் பார்க்கவே பார்க்காது, மலைப்பாதையிலும் மண் சரியும். கேரளாவில் ஜூன் 9 நள்ளிரவில் இருந்து ஜூலை 31 வரை இருக்கிற டிராலிங் தடை இயந்திரப் படகுகளுக்கு, உங்கள் ராட்டுக்கு இல்லை. ஆனால் கடலே அப்போது நிற்க விடாது. நவம்பரில் இருந்து மே வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். அதனால் செப்டம்பரில் வாங்கி, அக்டோபர் முழுக்கப் பழகுங்கள்.

பழகுவதற்கு அணைக்குப் போக வேண்டாம். இங்கே பல அணைகள் வனத்துறைப் பகுதிக்குள் இருக்கின்றன, மீன்வளத் துறை, வனத்துறை அனுமதி இல்லாமல் எறிந்தால் ராட்டையே பிடுங்கிக்கொள்வார்கள். ஊர்ப் பள்ளி மைதானம் போதும். லூரின் முள்ளைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கெட்டை இருபத்தைந்து மீட்டரில் வைத்து அதில் விழ வைக்கப் பழகுங்கள். டிராகையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்: லக்கேஜ் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசை நரம்பில் கட்டி இழுத்தால், 20 பவுண்டு நரம்புக்கு 2 முதல் 3 கிலோவில் ரீல் நரம்பை விட வேண்டும்.

போகிற நாளை ஏற்றம், வற்றம் பார்த்து வையுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் கணக்கு, அசையாமல் நிற்கும்போது கொடுவாவும் வாயைத் திறக்காது. பொழுது சாய்கிற நேரத்தில் ஏற்றமோ வற்றமோ பாதியில் இருந்தால் அந்த நாள் நல்லது. நேரம் போனிலேயே கிடைக்கும், பேப்பூர் என்று போட்டுப் பாருங்கள்.

11. திரும்பி வந்ததும்

களைப்பில் குழாயோடு மூலையில் சாத்திவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில், வேகமாகப் பீய்ச்சாமல், வளையங்களையும் ரீல் மாட்டுகிற இடத்தையும் கழுவுங்கள். மூட்டின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். நம் ஊர்க் குளிரில் ஈரம் லேசில் போகாது, மழைக்காலத்தில் கார்க் கைப்பிடியில் இரண்டு நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். அதனால் மலையில் இருப்பவர்கள் கார்க்கைவிட ஃபோம் கைப்பிடி பார்த்து வாங்குவது நல்லது. மூடிய குழாயில் ராட்டை வைத்துவிட்டு மாதக் கணக்கில் மறக்காதீர்கள், சமையலறைப் பக்கம் சூடு படாத தூரத்தில், துணிப் பையில் போட்டு நிற்க வையுங்கள். மேல் துண்டும் கீழ் துண்டும் மாட்டியபடியே இருந்து இறுகிவிட்டால் குறடு போட்டு முறுக்க வேண்டாம், ஆளுக்கொரு துண்டைப் பிடித்து இருவர் நேராக இழுத்தால் வந்துவிடும்.